பாட்டி வீட்டு மேசையில் பிறக்கும் ரசிகர்கள்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், சகோதர சகோதரிகளுக்கும், பின்வரிசையில் ஜெர்சி போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வேலைக்காக வட கரோலினாவுக்கு வருகிறோம். கேரியிலோ மோரிஸ்வில்லிலோ வீடு பார்க்கிறோம். அலுவலகத்தில் முதல் வாரமே யாராவது கேட்பார்: "நீங்கள் கரோலினாவா, டியூக்கா?" படிப்பைத்தான் விசாரிக்கிறார் என்று நம்மில் பலர் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லியிருப்போம். அவர் கேட்டது கல்லூரிக் கூடைப்பந்து அணியை. சேப்பல் ஹில்லில் வட கரோலினாப் பல்கலைக்கழகம், டர்ஹமில் டியூக். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 10 மைல்தான். ஆண்கள் தேசியப் பட்டத்தை முதலாவது 6 முறையும் இரண்டாவது 5 முறையும் வென்றிருக்கின்றன. ராலேயில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம் 1974, 1983 என இரண்டு முறை.

அக்டோபர் பிறந்தால் இந்த ஊரில் பேச்சே மாறிவிடும். "இந்த வருஷம் உயரமான சென்டர் கிடைத்துவிட்டான், ரீபவுண்டுக்குக் கவலையில்லை." "ஃப்ரீ த்ரோவை மட்டும் ஒழுங்காகப் போட்டால் ஏப்ரல் வரை போய்விடலாம்." முடி வெட்டுகிறவரிடம் இதே பேச்சு, பெட்ரோல் போடும் இடத்திலும் இதே பேச்சு. மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடியும் தேசியப் பட்டப் போட்டியில் 68 அணிகள் இறங்கும். ஒரு தோல்வி, அதோடு சரி. கடைசியில் சிரித்தபடி வீடு திரும்புவது ஒரே ஒரு அணி. 2025இல் சான் அன்டோனியோவில் நடந்த அரையிறுதியில், கடைசி நிமிடத்தில்கூட டியூக் 6 புள்ளி முன்னால் இருந்தது. ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. அந்த இரவு அழுதவர்களும் அக்டோபரில் மறுபடி நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த நம்பிக்கை எங்கே ஊறுகிறது? டியூக்கின் கேமரன் அரங்கம் 1940இல் திறந்தது. அதில் 9,314 பேர்தான் உட்கார முடியும். மாநிலத்தின் மக்கள்தொகையோ ஒரு கோடிக்கு மேல். பெரும்பாலான ரசிகர்கள் அந்த வாசலை மிதித்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் ரசிகர்களானது பாட்டி வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவுவதற்குள் டிவியில் ஆட்டம் தொடங்கிவிடும். இதைச் சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1957 மார்ச்சில், அந்த சீசன் முழுக்கத் தோற்காத கரோலினா அணி தேசியப் பட்டத்தின் கடைசிச் சுற்றுகளுக்காகக் கான்சஸ் சிட்டிக்குப் போனது. அரையிறுதி மூன்று கூடுதல் நேரம் வரை இழுத்தது. மறுநாள் இறுதி ஆட்டம், எதிரே வில்ட் சேம்பர்லின் ஆடிய கான்சஸ் அணி. அதுவும் மூன்று கூடுதல் நேரம். 54-53 என்று கரோலினா வென்றது. 32 ஆட்டம், 32 வெற்றி. சி. டி. செஸ்லி என்பவர் அந்த ஆட்டத்தை வட கரோலினாவின் சில தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நள்ளிரவு தாண்டியும் வீடுகளில் விளக்கு எரிந்தது. அந்த வரவேற்பைப் பார்த்துத்தான் அடுத்த சீசனிலிருந்து வாராவாரம் ஒளிபரப்புத் தொடங்கினார். அப்புறம் கூடைப்பந்து வீட்டுக்குள் குடியேறிவிட்டது.

சரி, அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள்?

டர்ஹமில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார். அவர் பிஸ்கட் செய்வதை நின்று பார்க்க வேண்டும். நாம் டீயில் நனைக்கும் பிஸ்கட்டை நினைக்காதீர்கள். இது சூடாகப் பிட்டால் அடுக்கடுக்காக விரியும் மெத்தென்ற ரொட்டி. அகலமான மரக் கிண்ணத்தில் மாவு எப்போதும் இருக்கும். நடுவில் குழி பறித்து, பன்றிக்கொழுப்பை எலுமிச்சை அளவு எடுத்துப் போட்டு, விரல் நுனியால் மாவோடு தேய்ப்பார். மோரை ஊற்றுவார். இங்கே கிடைக்கும் மோர் நம் மோரைவிடக் கெட்டி. ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிடுவார். சப்பாத்திக்குப் பிசைவது போல் பிசைந்தால் பிஸ்கட் இறுகிப்போகும். தெற்கில் விளையும் மென்கோதுமையில் புரதம் குறைவு, அதனால்தான் இந்த மென்மை. கிள்ளி உருட்டி, இரும்புச் சட்டியில் நெருக்கமாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் விரல் முட்டியால் லேசாக ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு நல்ல சூடான ஓவனில் வைப்பார். அளவு கேட்டால் கிண்ணத்தைக் காட்டுவார். எல்லாம் கைப்பக்குவம்.

பக்கத்து அடுப்பில் காலர்டு கீரை, புகைபோட்ட பன்றிக் காலோடு மணிக்கணக்காக வெந்துகொண்டிருக்கும். வடிந்த சாற்றைக் கொட்ட மாட்டார்கள். மக்காச்சோள ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கூடவே வெண்டைக்காய், தட்டைப்பயறு. இந்த இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் சமையல் அறிவுதான் தெற்கின் சாப்பாட்டுக்கு ருசி கொடுத்தது. இதைச் சொல்லாமல் தெற்குச் சமையலைப் புகழ்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சேப்பல் ஹில்லில் மில்ட்ரெட் கவுன்சில் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1929இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, ஒன்பது வயதில் அடுப்படிக்கு வந்தவர். நல்ல உயரம், மழைநீர்ப் பீப்பாயின் அடிவரை எட்டித் தண்ணீர் மொள்ளும் நீளக் கை. அதனால் 'டிப்' என்று கூப்பிட்டார்கள். 1976இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை 64 டாலரோடு உணவகம் திறந்தார்: 40 டாலருக்குச் சாமான், 24 டாலர் சில்லறைக்கு. காலைப் பலகாரம் விற்ற காசில் மதியத்துக்கு வாங்கினார். 'மாமா டிப்ஸ்' என்ற அந்தக் கடையில் மாணவர்கள், பேராசிரியர்கள், கூடைப்பந்து வீரர்கள் எல்லோரும் பொரித்த கோழிக்கும் பிஸ்கட்டுக்கும் காத்திருந்தார்கள். 2018இல் அவர் மறைந்தபோது ஊரே தன் வீட்டுப் பாட்டி போனது போல் துக்கப்பட்டது.

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சமையலைக் கொடுத்த மக்கள், இந்த விளையாட்டுக்கும் வேகத்தைக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் வெகுகாலம் அவர்களுக்கு இருக்கை இல்லை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் கான்சஸில் படித்தவர் ஜான் மெக்லெண்டன். கறுப்பர் என்பதால் அங்கே அணியில் ஆட முடியவில்லை. டர்ஹமில் கறுப்பினத்தவருக்கான கல்லூரியில் பயிற்சியாளராகி, விரைவு ஆட்டத்தை வளர்த்தார். 1944 மார்ச் 12, ஞாயிறு காலை. ஊர் சர்ச்சில் இருக்கும் நேரம். கதவைப் பூட்டிக்கொண்டு, டியூக் மருத்துவக் கல்லூரி வெள்ளையர் அணியோடு அவருடைய மாணவர்கள் ஆடினார்கள். 88-44 என்று மெக்லெண்டனின் மாணவர்கள் வென்றார்கள். அதோடு விடவில்லை, இரண்டு அணியையும் கலந்து மறுபடி ஆடினார்கள். அன்றைய சட்டப்படி அது குற்றம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் இந்த ஆட்டம் பரவலாக வெளியே தெரிந்தது.

டீன் ஸ்மித் கதையும் இதோடு சேர்ந்ததே. கரோலினாவில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, தன் சர்ச்சின் போதகர், ஒரு கறுப்பின இறையியல் மாணவர் இருவரோடும் அணி வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்துக்குள் போய் உட்கார்ந்தார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த அங்கே சாப்பாடு வந்தது. பிறகு தலைமைப் பயிற்சியாளராகி, சார்லி ஸ்காட்டை அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின உதவித்தொகை வீரராகச் சேர்த்தார். 879 வெற்றிகள் அவர் கணக்கில். 2015இல் அவர் இறந்த பிறகு, அவரிடம் ஆடிய ஒவ்வொருவருக்கும் 200 டாலர் காசோலை தபாலில் வந்தது: வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். எனக்கு அவருடைய 879ஐவிட அந்த 200தான் பெரிதாகப் படுகிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். வீரர்கள் ஒரே ஆண்டில் அணி மாறுகிறார்கள். பழைய ரசிகர்களுக்கு இதில் வருத்தம். நான் வீரர்கள் பக்கம்தான். அவர்கள் உழைப்பில் எத்தனையோ பேர் சம்பாதித்தாயிற்று. ஆனால் நம்பிக்கை வைக்க ஒரு முகம் வேண்டுமே என்பதும் நியாயமான குறைதான். நான் சொன்ன டர்ஹம் பாட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் புது அணிப் பட்டியலை ஒட்டிவைத்து, ஒவ்வொரு பையனின் ஊரையும் உயரத்தையும் பேரப்பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்வார். தூரத்து ஊர்ப் பையனாக இருந்தால், "இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் சோறு போடுவார்கள்?" என்பார்.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டில் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீரையிலும் பயற்றிலும், சில வீடுகளில் பிஸ்கட்டிலும்கூட இறைச்சியோ கொழுப்போ இருக்கும். சொன்னால் உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டி வைப்பார்கள். வெறுங்கையோடு போக வேண்டாம், வெண்டைக்காய்ப் பொரியல் கொண்டுபோங்கள். அந்த மேசையில் அதற்கு இடமுண்டு. எந்த அணி என்று கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.