விடியும்வரை விழித்திருப்பவர்கள்

அவையில் கூடியிருக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

இன்று காலை என் வீட்டு நந்தியாவட்டையில் ஒரு கிளையை ஒடித்தேன். ஒடித்த இடத்தில் பால் துளிர்த்தது. முப்பது ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பாலைக் காட்டித்தான் மாணவர்களுக்கு அரளிக் குடும்பத்தை அறிமுகம் செய்வேன். அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் அதில் அடக்கம். அதே குடும்பத்துச் செடி ஒன்று மத்திய ஆப்பிரிக்காவில், கபோன் நாட்டு மழைக்காட்டின் நிழலில் வளர்கிறது. ஆளுயரப் புதர், சின்னஞ்சிறு பூ, பழுத்தால் ஆரஞ்சு நிறம். அதன் பெயர் இபோகா. நந்தியாவட்டையிலும் அதிலும் ஒரே வார்ப்பில் அமைந்த ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் நாம் பூவைப் பறித்துச் சாமிக்கு வைத்தோம். அவர்கள் வேரைத் தோண்டினார்கள்.

அந்த வேரின் பட்டையை உண்டு தீட்சை பெறும் மரபுக்கு ப்விட்டி என்று பெயர். பபோங்கோ என்னும் காட்டுவாசி மக்களிடமிருந்து இந்தச் செடியின் அறிவு வந்தது என்று ப்விட்டிக்காரர்களே சொல்கிறார்கள். அவர்களிடமிருந்து மிட்சோகோ, அபின்ஜி மக்களுக்கு. பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடக்கே உள்ள ஃபாங் மக்களுக்கு. ஃபாங் மக்களிடம் ஒரு கதை உண்டு. மரத்தில் ஏறிக் கனி பறித்துக்கொண்டிருந்த ஒரு காட்டுவாசியைக் கடவுள் கீழே விழச் செய்கிறார். இறந்தவனின் சுண்டுவிரல்களைக் காட்டில் நடுகிறார். அவை இபோகாவாக முளைக்கின்றன. கணவனைத் தேடிக் காட்டுக்குள் போகும் மனைவி அந்த வேரைத் தின்கிறாள், இறந்தவர்களைக் காண்கிறாள். இந்த மரபின் முதல் தீட்சை, துணையை இழந்த ஒரு பெண்ணின் தேடலில் தொடங்குகிறது. இந்தக் கதையைப் படித்த அன்று வெகுநேரம் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

தீட்சை பெற வருபவரை ‘பன்சி’ என்கிறார்கள். முதலில் அவர் மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆற்றில் குளிப்பாட்டுகிறார்கள். உடம்பில் வெண்களிமண் பூசுகிறார்கள். பிறகு, கோயிலில், பிசின் பந்தங்களின் வெளிச்சத்தில், சுரண்டிய வேர்ப்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். கடுங்கசப்பு. வாந்தி வரும், உடல் மரத்துப்போகும், நிற்க முடியாது. இரவு முழுவதும், சில இடங்களில் மூன்று நாள்வரைகூட, இது நீளும். பன்சி அப்போது இறந்தவராகவே கருதப்படுகிறார். முன்னோர் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியவர்.

என் மனம் தங்கிய இடம் இனித்தான் வருகிறது. அந்த இரவு முழுவதும் பன்சியைத் தனியே விடுவதில்லை. தீட்சைத் தந்தையோ தாயோ பக்கத்திலேயே இருக்கிறார்கள். கண்ணைப் பார்க்கிறார்கள், உடம்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள், இன்னும் கொடுக்கலாமா, போதுமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு, பல இரவுகள் விழித்திருந்து கற்ற கல்வி. சுற்றிலும் ஊர் ஆடுகிறது. வாயில் வைத்து இசைக்கும் வில் ஒன்று ஒலிக்கிறது. அதோடு எட்டு நரம்புள்ள ங்கோம்பி. இதற்கு நான் தமிழ்ச்சொல் தேடவே வேண்டியிருக்கவில்லை, அது யாழ். வளைந்த கோடு என்னும் தண்டு, கட்டிய நரம்பு, தோல் போர்த்த பத்தர் என்னும் ஒலிப்பெட்டி என்று நம் சங்கப் பாணன் கையில் இருந்து, பிறகு நாம் தொலைத்துவிட்ட அதே வகை இசைக்கருவி. ஃபாங் கோயில்களில் அதன் உச்சியில் ஒரு பெண்ணின் முகத்தைச் செதுக்கிவைப்பார்கள். அதன் ஒலி கடவுளின் சகோதரியின் குரல். இருளில் போகிறவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறான்.

திரும்பி வந்தவர் கண்டதைப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டு, பொருள் சொல்கிறார்கள். புதுப் பெயர் சூட்டுகிறார்கள். அன்றுமுதல் அவருக்கு இன்னொரு தாய் தந்தை, இன்னொரு குடும்பம்.

வெளியுலகம் இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது? 1901இல் பிரான்சில் வேரிலிருந்து இபோகெய்ன் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் அங்கே சோர்வு போக்கும் மாத்திரையாக அது விற்பனைக்கு வந்தது. கபோனில் உள்ள லம்பரெனே என்னும் ஊரின் பெயரையே அந்த மாத்திரைக்கு வைத்தார்கள். அதே பிரான்சின் ஆட்சியில் கபோனிலோ ப்விட்டி கோயில்கள் எரிக்கப்பட்டன; மிஷனரிகள் அதைப் பேய் வழிபாடு என்றார்கள். மாத்திரைக்கு மதிப்பு, மக்களுக்குத் தீ. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. இத்தனைக்கும் 1960இல் விடுதலை பெற்ற கபோனின் முதல் குடியரசுத் தலைவரான லியோன் ம்பா, ப்விட்டியோடு நெருங்கிய உறவுள்ளவர்.

1962இல் நியூயார்க்கில் ஹோவர்ட் லோட்சாஃப் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் இபோகெய்னை உட்கொண்டார். அவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர். மயக்கம் தெளிந்தபோது ஹெராயின் வேட்கையே இல்லாததைக் கண்டார். அதன்பின் வாழ்நாளெல்லாம் அந்த மருத்துவத்துக்காகப் போராடினார். 2024இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், இபோகெய்ன் எடுத்துக்கொண்ட, தலையில் அடிபட்ட 30 முன்னாள் அமெரிக்கப் படைவீரர்களிடம் நல்ல முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே டெக்சாஸ் மாநிலம் இந்த ஆராய்ச்சிக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. போதையின் பிடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் இது என்ன நம்பிக்கையைக் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் இபோகெய்ன் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது. அதனால் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. நான் சொன்ன ஆய்விலும் இதயத்தைக் காக்க மக்னீசியம் சேர்த்தே கொடுத்தார்கள். மருத்துவர்கள் அருகிலிருந்து கண்காணித்தார்கள். அதாவது, பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும் என்பதை ஆய்வுக்கூடமும் ஏற்கிறது. இணையத்தில் பொட்டலமாக வாங்கித் தனி அறையில் தின்பவருக்கு மருத்துவரும் இல்லை, தீட்சைத் தந்தையும் இல்லை, யாழும் இல்லை. இளைஞர்களே, தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

கபோன் அரசு 2000இல் இபோகாவைத் தேசியச் சொத்தாக அறிவித்தது. வெளிநாட்டுத் தேவை கூடக் கூடக் காட்டு வேரைத் திருட்டுத்தனமாகத் தோண்டுவது பெருகியதால், 2019இல் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. மரபறிவைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் உரியவர்களைக் கேட்க வேண்டும், பலனில் பங்கு தர வேண்டும் என்கிறது நகோயா ஒப்பந்தம். கபோன் அதில் முன்னதாகவே கையெழுத்திட்ட நாடுகளில் ஒன்று. வேரைக் கேட்பவர்கள் பபோங்கோ மக்களின் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கையும். நாளை வரவிருக்கும் மருந்தின் லாபத்தில் முதல் பங்கு அந்த வாசலுக்குப் போக வேண்டும்.

காட்டில் வேர் அரிதாகிவருவதால் கன்று நடுவதில் இப்போது முனைப்புக் கூடியிருக்கிறது. கோயிலைச் சுற்றி இபோகா வளர்ப்பது அவர்களிடம் முன்பே உள்ள வழக்கம்தான். வேர் தேறக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது ஆகும். இன்று அந்த முற்றத்தில் ஓடி விளையாடும் சிறுவன் பன்சியாகப் படுக்கும் இரவுக்கு, இப்போது நடும் கன்று தயாராகியிருக்கும்.

நன்றி, வணக்கம்.