கோத் உடை வாழ்வது தையல் மேசையில்

நடுவர் அம்மா அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"கோதிக் உடையை இன்று வாழவைப்பது தனி வடிவமைப்பாளர்களா, பெருங்கடைகளா?" என்பது தலைப்பு. கோத் என்ற இசைக் கூட்டத்தார் போடும் கறுப்பு உடைதான் கோதிக் உடை. தனி வடிவமைப்பாளர்களே என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் மூன்று வாதங்களை வைத்தார். பெருங்கடையில் விலை குறைவு, அளவும் தரமும் ஒரே சீர், எந்த ஊரில் இருந்தாலும் கைக்குக் கிடைக்கும் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த உடை எங்கே பிறந்தது என்பதை அவர் தொடவே இல்லை. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1982 ஜூலையில் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற இரவு விடுதி தொடங்கியது. அங்கே கூடிய இளைஞர்களின் உடை பெரும்பாலும் அவர்களே வெட்டியது, கிழித்தது, ஒட்டுப்போட்டது. இடுப்புவரை வரும் வலைக் காலுறையைச் சட்டையாக்கும் வித்தை அவர்களுக்கு அத்துப்படி. இரண்டு காலும் சேரும் இடத்தில் தலை நுழையும் அளவுக்கு வெட்டி, பாத நுனிகளை நறுக்கி, தலைகீழாக மாட்டினால் கால்கள் கைகளாகிவிடும், இடுப்பு எலாஸ்டிக் விலாவில் நிற்கும். ஒரு கத்தரிக்கோல் போதும். 1992இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் தொடங்கிய வேவ் கோத்திக் ட்ரெஃபன் விழாவிலும், 1994இல் இங்கிலாந்தின் விட்பியில் தொடங்கிய கோத் வார இறுதியிலும் சந்தை என்பது பிரிக்க முடியாத பகுதி. தைத்தவரே கடை போட்டு விற்பதும் அங்கே உண்டு. ஜப்பானில் இசைக்கலைஞர் மானா 1999இல் மோய்-மெம்-மோய்த்தியே என்ற தன் சொந்த உடைத் தொழிலைத் தொடங்கி, 'எலிகன்ட் கோதிக் லோலிட்டா' என்று ஒரு பாணிக்கே பேர் வைத்தார். இவற்றில் ஒன்றைக்கூடப் பெருங்கடை தொடங்கவில்லை, அம்மா. கூட்டம் சேர்ந்த பிறகே வந்தது.

சரி, தரத்துக்கு வருகிறேன். இடுப்பை இறுக்கி ஒடுக்கும் கச்சான கார்செட்டையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கோத் உடைகளில் வாங்குபவர் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

பெருங்கடையில் தொங்குவது பெரும்பாலும் கார்செட் போலத் தெரியும் ஒரு மேல்சட்டை. முன்னால் கொக்கி, பின்னால் நாடா, நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பட்டிகள். அதை இறுக்கினால் இடுப்பு வளையும் இடத்தில் பிளாஸ்டிக்கும் மடிகிறது, உடம்புச் சூட்டில் அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடுகிறது, பிறகு அந்த முனை விலாவில் குத்துகிறது. (செயற்கைத் திமிங்கல எலும்பு என்று விற்கும் தரமான ஜெர்மன் பிளாஸ்டிக் வேறு வகை, அதை நான் குறை சொல்லவில்லை.) துணியோ மெல்லிய பாலியஸ்டர் சாட்டின். இறுக்கம் முழுவதும் தையலின் மேல் விழுவதால், தையலின் இரு பக்கமும் இழை விலகி ஏணி போலப் பல்லிளிக்கிறது.

தொழில் தெரிந்த தனி வடிவமைப்பாளர் எப்படிச் செய்கிறார்? மேலே எந்த அழகுத் துணி போட்டாலும், அடியில் பலம் தாங்குவது மீன்முள் போலத் தெரியும் ஹெர்ரிங்போன் நெசவில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. கார்செட்டுக்கென்றே நெய்யப்படுவது, பாவிலும் ஊடையிலும் இளகாது. ஒரு பக்கத்துக்கு 6 துண்டு, மொத்தம் 12. தையல் நீளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. இடுப்பின் ஒடுங்கிய இடத்தில், இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே 2 முதல் 2.5 சென்டிமீட்டர் அகல நாடா ஒன்று கிடைமட்டமாக ஓடும். இழுவிசையைத் தாங்குவது அந்த நாடாதான். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல துணியும் இடுப்பில் இழுபட்டுவிடும். வளைவான தையல்களில் சுருள் எஃகு வைப்பார், அது முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வளையும். பின்னால் நாடா கோக்கும் உலோக வளையங்களான ஐலெட் வரிசையின் இருபுறமும் தட்டை எஃகு. இது மாறிப்போனால் பின்பக்கம் விசிறி மடிப்பு போலச் சுருங்கிவிடும். எஃகுப் பட்டி, அது போகும் துணிக் குழாயைவிட மேலும் கீழும் சேர்த்து ஒரு சென்டிமீட்டராவது குட்டையாக இருக்க வேண்டும். நுனியில் உலோகத் தொப்பியும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் சில வாரங்களில் நுனி ஓரப்பட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

ஐலெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவசர வேலையில் துணியைப் பஞ்ச் வைத்துத் துளையிடுவார்கள். அப்போது இழை அறுந்துவிடுகிறது. அறுந்த இழையின் மேல் உட்கார்ந்த ஐலெட், நாலு முறை இறுக்கிக் கட்டினால் தனியாகக் கையோடு வந்துவிடும். பொறுமையாகச் செய்பவர் குத்தூசியால் இழைகளை விலக்கித்தான் துளை உண்டாக்குவார். இழை அறாமல் ஐலெட்டைச் சுற்றி நெருங்கி நின்று அதைப் பிடித்துக்கொள்ளும். ஐலெட்டும் பின்னால் வாஷர் உள்ள இரட்டைத் துண்டாக இருக்கும். வாங்கும் முன் கார்செட்டின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பின்னால் வட்டமான வாஷர் தெரிந்தால் நல்லது. பூ விரிந்த மாதிரி பிளந்த உலோகம் தெரிந்தால் அது நாடாவையும் அறுக்கும், சட்டையையும் அறுக்கும்.

அளவு சீர் என்றார் தோழர். தொழிற்சாலையில் பல பத்து அடுக்குத் துணியை ஒன்றாக அடுக்கி மின்கத்தியால் வெட்டுவார்கள். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் சிறிது நகரும். டி-ஷர்ட்டில் அது தெரியாது. கார்செட்டில் 12 துண்டு, 24 ஓரம். ஓரத்துக்கு 2 மில்லிமீட்டர் பிசகினால் மொத்தம் 48 மில்லிமீட்டர், ஏறத்தாழ 2 இன்ச். 10 சென்டிமீட்டர் இறுக்கத்தான் கார்செட் போடுகிறோம். அதில் பாதி வெட்டும்போதே காணாமல் போய்விடுகிறது.

தனி வடிவமைப்பாளர் மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, இடுப்பெலும்பு என்று நான்கு சுற்றளவு கேட்பார். அதோடு, நாற்காலியில் உட்கார்ந்து மார்புக்குக் கீழிருந்து மடிவரை ஒரு நீளம் கேட்பார். நின்று மட்டும் அளந்தால் உட்காரும்போது கீழ் ஓரம் தொடையில் இடித்து, முழுக் கார்செட்டையும் மேலே தள்ளிவிடும். பிறகு காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து அனுப்புவார். அதைக் கட்டி, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாடா இடைவெளி மேலே விரிந்து V போல இருந்தால் விலாப் பக்கம் இடம் போதவில்லை. கீழே விரிந்திருந்தால் இடுப்பெலும்புக்குப் போதவில்லை. மேலிருந்து கீழ்வரை இணையாக, 5 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் சரி. அதன் பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைப்பார். இப்படி ஒரு உரையாடலைப் பெருங்கடை எந்த வாடிக்கையாளரோடும் நடத்துவதில்லை. அகன்ற தோளுள்ள ஆணுக்கும், பெரிய உடல்வாகு உள்ள பெண்ணுக்கும், இரு தோளும் ஒரே உயரத்தில் இல்லாதவருக்கும் இந்த உடை கிடைப்பது இதனால்தான். S, M, L என்ற மூன்று எழுத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இனி கறுப்பு. கோத் உடைக்குக் கறுப்புதான் உயிர். ஆனால் சாயத் தொழிலில் மிகச் சிரமமான நிறமும் அதுதான். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது வெளிர் நிறத்துக்குத் துணி எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சாயம் போதும். நல்ல கறுப்புக்கு 6 முதல் 8 விழுக்காடு வேண்டும், உப்பும் கூடுதலாக வேண்டும். அந்தச் சாயத்தில் ஒரு பகுதி இழையோடு சேராமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிநீரில் சோப்புப் போட்டுப் பலமுறை அலசினால்தான் அது வெளியேறும். அவசரத்தில் இந்த அலசலைக் குறைத்தால் அக்குளிலும் கழுத்திலும் கறை படியும், பத்துத் துவைப்பில் கறுப்பு சாம்பலாகும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ரியாக்டிவ் சாயத்துக்கு அது உதவாது. சலவை சோடா போன்ற காரம் போட்டு இழையோடு பிணைத்திருந்தால்தான் அது நிற்கும், பிணையாதது போயே தீரும்.

இந்தக் கணக்கின் மறுபக்கம் நமக்குத் தெரியாததா, அம்மா? திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. மலிவான விலையை நெருக்கிக் கேட்பவர்கள் முதலில் வெட்டச் சொல்வது அலசலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும்தான்.

தனி வடிவமைப்பாளரும் ஆலைத் துணியைத்தான் வாங்குகிறார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பொறுப்பானவர் வெட்டும் முன் துணியைத் துவைக்கிறார். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறார். ஒரு உடைக்கு வேண்டிய எல்லாத் துணியையும் ஒரே சுருளில் எடுக்கிறார், ஏனென்றால் கறுப்பிலும் சிவப்போடியது, பச்சையோடியது, நீலமோடியது என்று உண்டு. கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கறுப்பு, வெயிலில் போனால் சண்டை போடும். வெல்வெட்டில் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். ரோமம் மேல்நோக்கி நிற்கும்படி வெட்டினால் கறுப்பு ஆழமாக விழும். எல்லாத் துண்டையும் அதே திசையில் வைத்தால் துணி அதிகம் செலவாகும். துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் திருப்பி வைத்தால், விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும் சாம்பலாய்த் தெரியும். கடையில் தொங்கும் வெல்வெட் கோட்டை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பும் பக்கத்துத் துண்டில் சொரசொரப்பும் வந்தால் காரணம் புரியும்.

ரெக்ஸின் பூட்ஸ், ரெக்ஸின் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. மேலே பூசியிருப்பது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் என்றால், அது ஈரக்காற்றில் மெல்லச் சிதையும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் காற்றில் பீரோவுக்குள் சும்மா வைத்திருந்தாலே சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது.

விலைக்கு வருகிறேன். ஆமாம், தனி வடிவமைப்பாளரின் விலை கூடுதல்தான். துணி, இருபதுக்கு மேல் எஃகுப் பட்டி, முன்கொக்கி, ஐலெட், 6 மீட்டர் நாடா எல்லாம் சேர்ந்தாலும் செலவில் சிறிய பங்கு. பெரிய பங்கு 20, 25 மணி நேர உழைப்பு. அந்த மணிக்கூலியைக் கொடுக்காமல் விலை குறைகிறது என்றால், அது வேறெங்கோ ஒரு தையல்காரியின் கூலியிலிருந்து குறைகிறது. எல்லாவற்றையும் தனி வடிவமைப்பாளரிடமே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் கறுப்பு டி-ஷர்ட்டும் காலுறையும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். உடம்போடு பொருந்த வேண்டிய கார்செட்டுக்கும் கோட்டுக்கும் பணத்தைச் சேர்த்து வையுங்கள். மார்புக்குக் கீழேயே நின்றுவிடும் கார்செட், மார்பையும் மூடும் முழுக் கார்செட்டைவிட விலை குறைவு, பொருத்துவதும் எளிது. முதல் வாங்கலுக்கு அதுவே நல்லது.

தனி வடிவமைப்பாளர் என்ற பெயரில் மொத்தச் சரக்கை வாங்கிச் சீட்டை மாற்றி விற்பவர்களும் உண்டு என்று தோழர் சொன்னது உண்மை. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உட்புறத் தையலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தானே தைத்தவர் அன்றே மகிழ்ச்சியோடு அனுப்புவார்.

இவர்களின் வடிவத்தைப் பெருங்கடைகள் எடுத்துக்கொள்வதையும் அவை அறிய வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் துணிமேல் அச்சிட்ட ஓவியத்தைக் காக்கும், உடையின் வெட்டைக் காக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத வடிவமைப்புக்குக் கிடைப்பது 3 ஆண்டுப் பாதுகாப்பு. அதற்கும் வழக்குச் செலவு இவர்களால் தாங்க முடியாது. கடை அடுக்கில் 'புதிய வரவு' என்று தொங்குவதில் எத்தனை யாருடைய தையல் மேசையிலிருந்து போனவை என்று தோழர் யோசிக்கட்டும்.

எல்லா ஊருக்கும் போய்ச் சேருவது பெருங்கடை என்ற வாதம் மிஞ்சியிருக்கிறது. அமெரிக்காவில் 1980களின் இறுதியில் தொடங்கிய ஹாட் டாபிக் என்ற சங்கிலிக் கடை மால்களுக்கு வந்ததால் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கோத் உடை கண்ணில் பட்டது. அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று பல தனி வடிவமைப்பாளர்கள் உடையோடு பேட்டர்னையும், அதாவது துணி வெட்டும் மாதிரித் தாளையும், விற்கிறார்கள். பேட்டர்னை இறக்கி, அச்சிட்டு, ஒட்டி, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுக்கலாம். நம் ஊர்த் தையல்காரர்களுக்குப் பிரின்சஸ் கட் ரவிக்கை அத்துப்படி. கார்செட்டின் மார்புத் தையலும் அதே வழியில் போவதுதான். உள்ளே துணி விட்டுத் தைத்துக் கொடுங்கள் என்றால் எவ்வளவு என்று சொல்லாமலே ஒரு இன்ச் விடுவார். உடம்பு மாறினால் பிரித்துவிடலாம். கோட்டுக்கு அது வரம். கார்செட்டில் மட்டும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: எஃகுப் பட்டி போகும் துணிக் குழாய்க்குள் மிச்சத் துணி புகுந்தால் பட்டி இறங்காது, அங்கே 1.5 சென்டிமீட்டர் போதும்.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச இருக்கும் தோழருக்கு ஒரே கேள்வி. நான்கு வருடம் ஆசையாய்ப் போட்ட கார்செட்டில் ஒரு ஐலெட் பிய்கிறது, ஓரப்பட்டி தேய்கிறது. தைத்தவரிடம் அனுப்பினால் அதே நூல், அதே துணி, அவர் வைத்திருக்கும் என் அளவுச் சீட்டு எல்லாம் அங்கே இருக்கும். நீங்கள் சொல்லும் கடையில் அதை எந்த மேசையில், யார் கையில் கொடுப்பது?