பழைய அவுட்பேக்கைத் தானமா கொடுக்கப் போறீங்களா? டோ ட்ரக் வர்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. பின்னாடி நிக்கிறது 2012 சுபாரு அவுட்பேக், 2.5 லிட்டர், ஆல் வீல் டிரைவ். ஓட்டம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைல். இந்த மாதிரி ஒரு வேகனை அமெரிக்காவுல சாரிட்டிக்குக் கொடுக்கறதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல பணக் கணக்கு. "காரைக் கொடுங்க, வரியை மிச்சம் பண்ணுங்க"ன்னு ரேடியோவுல விளம்பரம் ஓடும். பழைய வண்டி விலை சொல்ற கெல்லி புளூ புக்ல உங்க வண்டிக்கு 4,000 டாலர் காட்டுதுன்னு வைங்க. சாரிட்டி அதை ஏலத்துல விட்டு, அது 1,100-க்குப் போச்சுன்னா, வரி போடற வருமானத்துலேர்ந்து நீங்க கழிக்கறது 1,100தான். 2005-லேர்ந்து இதுதான் சட்டம். 22 சதவீத வரி பிராக்கெட்ல இருக்கறவங்களுக்குக் கையில நிக்கறது 242 டாலர். அதுவும் ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு, அதாவது கழிவை ஒவ்வொண்ணா பட்டியல் போட்டுக் காட்டறவங்களுக்கு மட்டும். 2025-க்குக் கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணா, பட்டியல் இல்லாமயே கழிச்சுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 31,500. வீட்டுக்கடன் வட்டி, சொத்து வரி எல்லாம் சேர்த்தும் அதைத் தாண்டலையா? வரியில ஒரு சல்லிக்காசு குறையாது. 2026-லேர்ந்து ஐட்டமைஸ் பண்ணாதவங்களும் கொஞ்சம் நன்கொடை கழிச்சுக்கலாம்னு வந்திருக்கு, ஆனா அது பணமா கொடுத்தாதான். காருக்குக் கிடையாது.

அதனால வண்டி நல்லா ஓடுதுன்னா, நீங்களே வித்துட்டு அந்தப் பணத்தைக் கொடுங்க. சாரிட்டிக்கு நாலாயிரமும் முழுசா போய்ச் சேரும். பெரும்பாலான சாரிட்டிங்க காரைத் தாங்களே கையாளறதில்ல. நடுவுல ஒரு கம்பெனி டோ பண்ணி, ஏலத்துல வித்து, தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். ஃபோன்லயே கேளுங்க: "ஒரு வண்டியில உங்களுக்கு எத்தனை சதவீதம் வருது?" பதில்ல மழுப்பினா அடுத்த ஆளைப் பாருங்க. ஐஆர்எஸ் (வரித்துறை) இணையதளத்துல பேரைப் போட்டு, 501சி3, அதாவது வரிவிலக்கு பெற்ற தர்ம அமைப்புதானான்னும் பார்த்துடுங்க.

ஏலத்துக்குப் போகாத வழியும் ஒண்ணு இருக்கு. வெர்மான்ட்ல குட் நியூஸ் கராஜ், மேரிலாந்துல வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச், இவங்க வண்டியை ரிப்பேர் பண்ணி வருமானம் கம்மியா இருக்கற குடும்பங்களுக்குக் கொடுக்கறாங்க. அப்படி ஒரு குடும்பத்துக்குப் போனா, ஏல விலையில்ல, சந்தை விலையையே கழிக்கலாம். சந்தை விலைன்னா டீலர் போர்டு விலை இல்ல, தனி ஆளுக்குத் தனி ஆள் விக்கற விலை. பனி கொட்டற ஊர்ல வேலைக்குப் போக இந்த வேகனை விட நல்ல வண்டி எது? ஆனா எல்லாத்தையும் அவங்களும் குடும்பத்துக்குக் கொடுத்துட முடியாது. ரிப்பேர் செலவு தாங்காதுன்னா ஏலம்தான்.

எதை வச்சு முடிவு பண்ணுவாங்க? வாங்க, கீழ குனிஞ்சு பார்ப்போம்.

டயர். நாலும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஒரே தேய்மானமா இருக்கணும். சுற்றளவுல கால் இன்ச்சுக்கு மேல வித்தியாசம் கூடாதுங்கறது சுபாருவோட கணக்கு. இங்க பாருங்க, மூணு டயர் தேஞ்சிருக்கு, இது ஒண்ணு மட்டும் புதுசு. பெரிய சக்கரம் மெதுவா சுத்தும், சின்னது வேகமா சுத்தும். அந்த வித்தியாசத்தை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கற டிரான்ஸ்ஃபர் கிளட்ச் ஓயாம நழுவி நழுவிச் சரிக்கட்டும். அந்தச் சூட்டுலயே கிளட்ச் தேஞ்சுபோகும். சோதிக்க, காலி பார்க்கிங் லாட்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா வட்டம் அடிங்க. வண்டி பிரேக் புடிச்ச மாதிரி இழுத்து இழுத்துத் துள்ளுனா கிளட்ச் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

அடுத்து டார்ச்சை எடுத்து எஞ்சின் அடியில அடிங்க. ரெண்டு பக்கமும் ஹெட்டும் பிளாக்கும் சேர்ற கோடு இது. இங்க எண்ணெய்ப் பிசுக்கோ பச்சையா, நீலமா கூலன்ட் காஞ்ச கறையோ இருந்தா, நடுவுல இருக்கற சீல், அதாவது ஹெட் கேஸ்கட், கசியுது. இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டை 1,05,000 மைல்ல மாத்தியிருக்கணும். மாத்தின பில் இருந்தா கண்டிப்பா சேர்த்துக் கொடுங்க. பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், எஞ்சின் போச்சு. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திருடு போயிருந்தா மறைக்காதீங்க, வண்டி எடுக்க வந்தவன் எப்படியும் பார்த்துடுவான்.

இப்ப டைட்டில், அதாவது வண்டியோட உரிமைப் பத்திரம். பாதிப் பேருக்கு வேலை இங்கதான் நிக்குது. ரெண்டு பேர் பேருக்கு நடுவுல "அண்ட்"னு இருந்தா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். கடன் கட்டி முடிச்சும் பேங்க் பேர் டைட்டில்ல இருந்தா, லீன் ரிலீஸ் (கடன் தீர்ந்ததுக்கு பேங்க் தர்ற கடிதம்) வாங்காம நகராது. பேனா தப்பா ஓடிச்சுன்னு வொயிட்னர் போட்டீங்களோ, டூப்ளிகேட் டைட்டிலுக்கு அலைய வேண்டியதுதான். 2011 மாடல்லேர்ந்து இருபது வருஷத்துக்கு ஓடோமீட்டர் கணக்கு எழுதிக் கொடுக்கணும், இந்த வண்டிக்கும் உண்டு. வாங்கறவர் பேரை வெறுமையா விட்டுக் கையெழுத்துப் போடாதீங்க, அப்புறம் இதுக்கு வர்ற பார்க்கிங் ஃபைன் எல்லாம் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

டோ ட்ரக் புக் பண்ணும்போது "ஆல் வீல் டிரைவ், ஃப்ளாட்பெட் அனுப்புங்க"ன்னு சொல்லிடுங்க, வண்டியை முழுசா மேல ஏத்திக்கிட்டுப் போற ட்ரக் அது. முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தா பின்சக்கரம் ரோட்டுல சுத்தும், உள்ள டிரான்ஸ்மிஷன் வெந்துடும். பேட்டரி செத்திருந்தா இதுல இன்னொரு தொல்லை: ஹேண்ட் பிரேக் எலக்ட்ரானிக், கரண்ட் இல்லாம விடாது. கியரும் பார்க்கை விட்டு வராது, லிவர் பக்கத்துச் சின்ன மூடியை நெம்பி, ஷிப்ட் லாக்கை அமுக்கித்தான் எடுக்கணும். ட்ரக் வர்றதுக்கு முன்னாடியே ஜம்ப் கேபிளைப் போட்டு பிரேக்கை விடுவிச்சு, சக்கரத்துக்குக் கல்லு வச்சுடுங்க.

டோல் டேக், கராஜ் ரிமோட், டேஷ்போர்டுல இருக்கற பழைய ரிஜிஸ்ட்ரேஷன், ஸ்பேர் டயர் குழியில கிடக்கற சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. ஸ்டீரியோவுல ப்ளூடூத் காண்டாக்ட்டையும் அழிச்சுடுங்க.

அப்புறம் ரசீது. டோ டிரைவர் கொடுக்கற துண்டுச் சீட்டு போதாது. 500 டாலருக்கு மேல கழிக்கணும்னா 1098-சி படிவம் வேணும். வித்த 30 நாளைக்குள்ள சாரிட்டி அனுப்பணும். அதை ரிட்டர்னோட இணைக்கணும், கூடவே பொருளா கொடுத்த நன்கொடைக்கான 8283 படிவமும். ஏலத்துல 300-க்கே போனாலும், வண்டி அந்த விலை பெறும்னா 500 வரைக்கும் கழிக்கலாம்.

கலிஃபோர்னியாவுல சாதாரண நம்பர் பிளேட் வண்டியோட போயிடும், நீங்க அஞ்சு நாளைக்குள்ள டிஎம்வி-ல (வாகனப் பதிவுத் துறை) வண்டி கைமாறினதைப் பதிவு பண்ணணும். நியூயார்க், நியூஜெர்சின்னா ட்ரக் வர்றதுக்குள்ள பிளேட்டைக் கழட்டிடுங்க. நியூயார்க்ல பிளேட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்தணும். மாத்திச் செஞ்சா டிஎம்வி உங்க ரிஜிஸ்ட்ரேஷனை சஸ்பெண்ட் பண்ணிடும்.