மெயில் மென்பொருளை ஏமாற்றிய பூஜ்ஜியம்

[திரை: தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளின் இன்பாக்ஸ். ஆளில்லாத நாற்காலி.]

மெயில் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். அது பாட்டுக்குச் சர்வரோடு பேசி, பாஸ்வேர்டைக் கொடுத்து, புது மெயிலை எடுத்து வைக்கிறது. எதிரில் இருப்பது நிஜ சர்வர்தானா? தான் யார் என்று காட்ட சர்வர் நீட்டும் டிஜிட்டல் சான்றிதழில் உள்ள பெயரை வைத்து, அதை மென்பொருளே முடிவு செய்கிறது.

2009 ஜூலையில், லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், இந்தப் பெயர்ச் சோதனையில் இருந்த ஓட்டையை இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மாக்ஸி மார்லின்ஸ்பைக், டான் காமின்ஸ்கி இருவரும் அதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

[திரை: மெயில்.வங்கி.காம்▢.திருடன்.காம்]

இந்தக் கற்பனைப் பெயரைப் பாருங்கள். நடுவில் உள்ள கட்டம், மதிப்பு பூஜ்ஜியமான ஒரு பைட்.

திருடன்.காம் என்ற முகவரியை வைத்திருப்பவர் இந்த முழுப் பெயருக்கும் சான்றிதழ் கேட்கிறார். சான்றிதழ் வழங்கும் நிறுவனம் பெயரின் வலது கோடியைப் பார்க்கிறது. திருடன்.காம், சரி, இவருடையதுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

[திரை: பைட்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

சான்றிதழுக்குள் பெயரின் நீளம் முதலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எண்ணினால் 28 பைட். ஆகவே நடுவில் என்ன வந்தாலும் பெயர் முழுதாகவே இருக்கிறது. மென்பொருள் எழுதப் பயன்படும் சி என்ற நிரல் மொழியில் வழக்கம் வேறு: பூஜ்ஜிய பைட் வந்தால் சொல் முடிந்தது. ஒப்பிடும் நிரல் இடமிருந்து படிக்கிறது. மெயில், புள்ளி, வங்கி, புள்ளி, காம், அப்புறம் பூஜ்ஜியம். அங்கேயே நின்று, "பெயர் பொருந்துகிறது" என்கிறது. பின்னால் நிற்கும் திருடன்.காம் அதன் கண்ணில் படுவதே இல்லை.

தண்டர்பேர்டும் ஃபயர்பாக்ஸும் பயன்படுத்திய என்.எஸ்.எஸ் நூலகத்தில், அதாவது சான்றிதழைச் சோதிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பில், நிலைமை இன்னும் மோசம். பூஜ்ஜியத்துக்கு முன்னால், 'எந்தப் பெயரும்' என்று பொருள்படும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், அந்த ஒரே சான்றிதழ் எல்லாத் தளத்துக்கும் செல்லுபடியாகிவிட்டது.

பிரவுசர்களும் ஏமாந்தன. ஆனாலும் எனக்கு மெயிலை நினைத்தால்தான் அதிகம் பதறுகிறது. அப்போது பொது வைஃபையில் ஒருவர் இப்படியொரு சான்றிதழோடு நடுவில் புகுந்தால், நாம் எதையும் சொடுக்காமலே பாஸ்வேர்டு அவர் கைக்குப் போய்விடும். அது கிடைத்தால், அதே மெயிலுக்கு ரீசெட் இணைப்பு வரவழைத்து மற்ற கணக்குகளையும் திறக்கலாம்.

[திரை: பதிப்பு எண்கள்.]

தண்டர்பேர்டை உருவாக்கிய மொசில்லா 2009 ஆகஸ்டில் தண்டர்பேர்ட் 2.0.0.23ஐ வெளியிட்டு இதை அடைத்தது. மட் என்ற மெயில் மென்பொருளின் 1.5.19, 1.5.20 பதிப்புகளிலும் இதே பிழை இருந்தது. அதற்கு முந்தைய சில பதிப்புகள், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இன்னொரு பாதுகாப்பு நூலகத்தோடு இயங்கும்போது, சான்றிதழில் உள்ள பெயரை ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை.

இத்தனைக்கும் சரியான சோதனை சின்னதுதான்: சான்றிதழ் சொல்லும் நீளமும், பூஜ்ஜியம் வரை எண்ணிக் கிடைக்கும் நீளமும் ஒன்றா? 28, 14 என்று வந்தால் இணைப்பை அங்கேயே துண்டித்துவிட வேண்டும்.