சந்தேகங்களுக்கு விளக்கம்: கார்ட்டூன் பத்தின கட்டுரையில கார்ட்டூன் எங்க?

வணக்கம். இன்னைக்கு முதல் கேள்வி, ராயப்பேட்டையிலேர்ந்து, பி.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு மாணவி அனுப்பினது. கல்லூரி மலருக்கு "அரசியல் கார்ட்டூன்கள் மனதைப் புண்படுத்துகின்றனவா?"ன்னு 800 வார்த்தையில ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. படிச்சுப் பார்த்த பேராசிரியர், "தப்பு எதுவும் இல்லை, ஆனா நீ என்ன சொல்ல வர்றேன்னு பிடிபடலை"ன்னு திருப்பிக் குடுத்துட்டாராம். எங்க திருத்துறது, எழுத்துல அடுத்த படிக்கு எப்படிப் போறதுன்னு கேட்டிருக்காங்க. கட்டுரையையும் சேர்த்து அனுப்பினது நல்லதாப் போச்சு.

முதல் பத்தியில சார்லி ஹெப்டோங்கிற பிரெஞ்சு கேலிப் பத்திரிகை, அரசியல் சட்டம் 19-ஆவது பிரிவு, கருத்துரிமை, எல்லாம் வரிசையா வந்துடுது. அடுத்து, ஒரு சாரார் இப்படி, இன்னொரு சாரார் அப்படி. கடைசியில, எல்லை மீறாத நகைச்சுவை சமூகத்துக்கு நல்லதுன்னு முடிச்சிருக்கீங்க. தமிழ் நல்லா இருக்கும்மா, பிழையே இல்லை. ஆனா 800 வார்த்தையில ஒரு கார்ட்டூன்கூட இல்லை. இவர் வரைஞ்ச இந்தப் படம், இதுல இது இருக்குன்னு ஒரு வரி கிடையாது. பேராசிரியருக்குப் பிடிபடாம போனது அதனாலதான். மொத்தமா "கார்ட்டூன்கள்"னு பேசினா யாரும் மறுக்க முடியாத விஷயத்தை மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு படத்தை எடுத்துக்கிட்டீங்கன்னா ஏதாவது ஒரு பக்கம் நின்னே ஆகணும்.

எப்படின்னு ஒரு படத்தை வெச்சே பார்க்கலாம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல வரைஞ்சது. அரசியல் சட்டம்னு எழுதின ஒரு நத்தை. அது மேல அம்பேத்கர் உட்கார்ந்திருக்கார். பின்னால நேரு சாட்டையை ஓங்கிக்கிட்டு நிக்கிறார். சுத்தி ஜனங்க வேடிக்கை பார்க்கிறாங்க. 2012-ல, மத்திய அரசோட பாடப்புத்தக அமைப்பான என்சிஇஆர்டி போட்ட பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்துல இந்தப் படம் இருக்குன்னு நாடாளுமன்றமே அமளியாச்சு. படத்தை எடுத்துடறோம்னு அரசாங்கம் சொல்லிடுச்சு.

இப்ப நேருவோட சாட்டை யார் மேல? நத்தை மேலன்னு ஒருத்தர் சொல்றார். இல்லை, அம்பேத்கர் மேலன்னு இன்னொருத்தர் சொல்றார். மொத்தச் சண்டையும் அந்த ஒரு இடத்துலதான் இருக்கு. 1949-ல பத்திரிகை வாங்கிப் பார்த்தவருக்கு அது சட்டம் எழுதி முடிக்க இவ்வளவு நாளாங்கிற கிண்டல். 2012-ல ஒரு தலித் மாணவர் வகுப்புல உட்கார்ந்து பார்க்கும்போது, சாட்டை யார் கையில, முதுகு யாரோடதுங்கிறதுதான் முதல்ல கண்ணுல படும். ரெண்டு பார்வையும் படத்துக்குள்ளயே இருக்கு. ரெண்டாவதைச் சொல்றவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லைன்னு எழுதினா, அது அவர் சொன்னதுக்குப் பதில் ஆகாது.

இன்னொரு கேள்வியும் இருக்கு, இதைப் பெரும்பாலான மாணவர்கள் கேக்கிறதே இல்லை. படம் சொல்ற கருத்து நியாயமா? நிஜமாவே நத்தை வேகமா? சட்டத்தை உருவாக்கின அரசியல் நிர்ணய சபை முதல்ல கூடினது 1946 டிசம்பர் 9. சட்டத்தை ஏத்துக்கிட்டது 1949 நவம்பர் 26. அதுக்கு முந்தின நாள் பேசும்போது அம்பேத்கரே இந்தத் தாமதக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கார். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எவ்வளவு காலம் எடுத்துக்கிச்சுன்னு கணக்குச் சொல்லி, நம்ம சட்டத்துல 395 பிரிவு, 2,473 திருத்தங்களை எடுத்து விவாதிக்க வேண்டியிருந்ததுன்னார். இதை வெச்சுக்கிட்டு, "கிண்டலுக்கு உரிமை உண்டு, ஆனா இந்தக் கிண்டல் எடுபடலை"ன்னு நீங்க ஒரு நிலை எடுக்கலாம். தடை செய், தடை செய்யாதேங்கிற இழுபறியை விட இதுல எழுத நிறைய இருக்கு.

சரி, உங்க கட்டுரைக்கு வருவோம். ஒரு படம் போதும், மிஞ்சினா ரெண்டு. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் 100, 120 வார்த்தையில எழுதுங்க. கேவலமான, அற்புதமான மாதிரி எதுவும் அந்தப் பத்தியில வரக்கூடாது. எழுதினதை, படத்தைப் பார்க்காத ஒரு தோழிகிட்ட குடுத்து பென்சில்ல வரையச் சொல்லுங்க. சாட்டையை அவங்க தப்பான கையில போட்டா, உங்க பத்தியில அது இல்லைன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷ வேலை, ஆனா எந்த இலக்கணப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது.

அப்புறம், படம் வந்த வாரத்துச் செய்தி. எழும்பூர் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா நூலகம், இந்த ரெண்டு இடத்துலயும் பழைய இதழ்களைத் தேடிப் பாருங்க. போன்ல சுத்தற படத்துல தேதியை வெட்டியிருப்பாங்க, சில சமயம் வசனத்தையே மாத்தியிருப்பாங்க. அதை நம்பி எழுதினா அடித்தளமே ஆட்டம்.

அடுத்தது, அடி யார் மேல, எதுக்காக. 1987-ல ஆனந்த விகடன் அட்டையில வந்த ஜோக், எம்.எல்.ஏ.வை பிக்பாக்கெட்டுக்கும் மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டுச்சு. ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு சட்டமன்றம் மூணு மாசம் சிறைன்னு தீர்ப்பு சொல்லி, எதிர்ப்பு கிளம்பவும் ரெண்டு மூணு நாள்ல வெளிய விட்டாங்க. 1994-ல சென்னை உயர் நீதிமன்றமும் அவர் பக்கம்தான் நின்னுச்சு. அங்க அடி பதவி மேல. அதே 2012-ல பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துல இன்னொரு படமும் பிரச்சினையாச்சு. ஆர்.கே.லட்சுமண் வரைஞ்சது. 1965 இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்து மாணவனுக்கு இங்கிலீஷும் படிக்கத் தெரியலைன்னு கிண்டல். கருணாநிதி உட்பட இங்க உள்ள தலைவர்கள் நீக்கச் சொன்னாங்க. அங்க அடி வாங்கினது, துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த மாணவர்கள். மந்திரியை இடிக்கிறதும் தெருவுல நின்ன பையனை இடிக்கிறதும் ஒரே தராசுல நிக்காதுன்னுதான் நான் சொல்வேன். நீங்க மறுக்கலாம், மறுத்து எழுதினாலும் நல்ல கட்டுரைதான்.

எதிர்த் தரப்பை 80 வார்த்தையில எழுதுங்க. புண்பட்டவர் படிச்சா "ஆமா, நான் சொன்னது இதேதான்"னு தலையாட்டணும். நீங்க எழுதின மாதிரி "சிலர் உணர்ச்சிவசப்படுகின்றனர்"னு விட்டா அது எதிர்த் தரப்பு இல்லை, வசதிக்கு நட்டு வெச்ச சோளக்கொல்லை பொம்மை.

எழுத்துல வளர்றதுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்றேன். வாரத்துக்கு ஒரு நாள், அன்னைக்குப் பேப்பர்ல வந்த கார்ட்டூனை எடுத்து 150 வார்த்தை. முதல் பாதி என்ன இருக்கு, மறுபாதி என்ன சொல்லுது, நியாயமா. மறுநாள் சத்தமா வாசிங்க. மூச்சு முட்டற வரியை ரெண்டா உடைங்க. முதல் வரியை அடிச்சுட்டுப் பாருங்க, முக்கால்வாசி சமயம் ரெண்டாவது வரியிலதான் விஷயம் ஆரம்பிச்சிருக்கும்.

மலர்ல படத்தையே அச்சடிக்கலாமான்னு கடைசியில ஒரு வரி கேட்டிருக்கீங்க. விமர்சனத்துக்காக எடுத்தாள பதிப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவுல இடம் இருக்கு. ஆனா படம் அட்டையில அலங்காரமா நிக்கக்கூடாது, நீங்க அலசற பத்தி பக்கத்துலயே இருக்கணும். உங்க தோழி யாராவது புதுசா வரையறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. அவதூறு இப்ப, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவுல வருது, 2024 ஜூலை 1-லேர்ந்து. ஒருத்தர் செஞ்சதா ஆதாரம் இல்லாத காரியத்தை அவர் பேரோட வரைஞ்சா சிக்கல் அங்கதான். படத்துக்குக் கீழ வரைஞ்சவர் பேர், இதழ், தேதி மூணும் வரணும். தேதி தெரியலைன்னா ஊகிச்சுப் போடாதீங்க, "தேதி கிடைக்கவில்லை"ன்னு போடுங்க.

அடுத்த கேள்வி பெரம்பூர்லேர்ந்து, தலையங்கம் எழுதறது பத்தி.