கெஸ்டாபோ விருந்தில் மூன்று பெண்கள்

வணக்கம். ஒரு வரலாற்றுச் சிறுகதை எழுதப்போகிறேன் என்று சென்ற முறை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டேன். இதுவரை மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டிருக்கிறேன். மூன்றிலும் முதல் பத்தியிலேயே ஒரு பெண் கையில் துப்பாக்கியோடு வந்து நின்றுவிடுகிறாள். கோளாறு அங்கேதான் என்று இப்போது தெரிகிறது.

இந்தப் புகைப்படத்தைப் பாருங்கள். மூன்று இளம்பெண்கள். தோழிகள் சேர்ந்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் போலத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்தது 1941 டிசம்பரில், ஜெர்மனி பிடித்திருந்த க்ரோட்னோ நகரில், ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவின் கிறிஸ்துமஸ் விருந்தில். மூவரும் யூதர்கள். பெலா ஹசான், லோன்கா கோசிப்ரோட்ஸ்கா, டேமா ஷ்னைடர்மன். பெலா தன்னைப் போலந்துக் கத்தோலிக்கப் பெண் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கெஸ்டாபோ அலுவலகத்திலேயே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். மற்ற இருவரும் அவரைத் தேடி வந்த தோழிகள். விருந்துக்குப் போனார்கள், படத்துக்கும் நின்றார்கள். அந்த இரவில் எத்தனை முறை சிரிக்க வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இவர்களைப் போன்ற பெண்களை எபிரேய மொழியில் 'கஷாரியோத்' என்றார்கள். தொடர்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் தூதுப் பெண்கள் எனலாம். நம் தூது இலக்கியத்தில் கிளியையும் அன்னத்தையும் அனுப்புவார்கள். இவர்கள் பொய் அடையாள அட்டையோடு ரயிலேறி, யூதர்களை அடைத்துவைத்த ஒரு கெட்டோவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியும் பணமும் ஆயுதமும் கொண்டுபோனார்கள்.

ஏன் பெண்கள்? ஆண்களுக்கு விருத்தசேதனம் செய்திருக்கும். கால்சட்டையை இறக்கச் சொன்னால் கதை முடிந்தது. இது பலருக்கும் தெரிந்த காரணம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. மரபான யூத வீடுகளில் பையன்களைச் சமயப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு வேண்டாம் என்று போலந்து அரசுப் பள்ளியில் விட்டார்கள். அதனால் அவர்களில் பலருக்கு, யூதர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியின் வாடை இல்லாத போலிஷ் வந்தது. பெண்ணுக்கு எதற்கு வேதப் படிப்பு என்று ஒதுக்கியதே பின்னாளில் உயிர் காக்கும் முகமூடியாகிவிட்டது. எந்த நாவலாசிரியரும் கற்பனையில் பிடித்திருக்க முடியாத திருப்பம் இது.

உச்சரிப்பு மட்டும் போதாது. கைகளை வீசிப் பேசும் பழக்கத்தை விட வேண்டும். சிலுவைக் குறி தடுமாறாமல் வர வேண்டும். பிறந்தநாளை விட்டு, தன் பெயருக்குரிய புனிதரின் நாளைச் சொல்லத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கண்கள். வார்சா தெருக்களில் ஒளிந்து வாழும் யூதர்களை மோப்பம் பிடித்து மிரட்டிப் பணம் பறித்தவர்களுக்கு 'ஷ்மால்ட்சோவ்னிக்' என்று பெயர். பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் முதலில் பார்த்தது கண்ணில் தெரியும் சோகத்தை. வீட்டில் எல்லாரையும் இழந்த பெண், தெருவில் சோகம் தெரியாமல் நடக்க வேண்டும்.

ஃப்ரும்கா பிளாட்னிட்ஸ்கா உருளைக்கிழங்குச் சாக்கின் அடியில் துப்பாக்கி வைத்து வார்சா கெட்டோவுக்குள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்! கதைக்கு இதைத்தான் முதலில் எடுத்தேன். ஆனால் அதைவிடக் கனமான சுமை ஒன்று இருந்தது. வில்னாவுக்கு அருகே போனாரி காட்டில் ஆயிரக்கணக்கான யூதர்களைச் சுட்டுக் குழியில் தள்ளுகிறார்கள் என்ற செய்தி. தூதுப் பெண்கள் அதை வார்சாவுக்குக் கொண்டுவந்தபோது பெரியவர்கள் பலர் நம்பவில்லை. அது கிழக்கில் நடப்பது, இவ்வளவு பெரிய நகரத்தில் நடக்காது என்றார்கள். 1942 ஜூலையில் வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் கிளம்பின. துப்பாக்கி கொண்டுவந்தவரைக் கட்டியணைப்பார்கள்; இந்தச் செய்தி கொண்டுவந்தவரை என்ன செய்வார்கள்? அந்தச் செய்தியைச் சொல்லும் அறையில்தான் என் கதை தொடங்க வேண்டும்.

இம்மானுவேல் ரிங்கெல்ப்ளம் என்ற வரலாற்றாசிரியர் கெட்டோவுக்குள் ரகசியமாக ஆவணம் சேர்த்தார். தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்த அந்தக் காகிதங்களில் ஒரு பகுதி 1946-லும் இன்னொரு பகுதி 1950-லும் கிடைத்தன. 1942 மே மாதக் குறிப்பொன்றில், ஹைகா, ஃப்ரும்கா என்ற இரண்டு பெண்களைப் பற்றி எழுத ஒரு பெரிய எழுத்தாளரின் பேனா வேண்டும் என்று எழுதியிருக்கிறார். படித்ததும் என் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன்.

அந்தப் படத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1942-ல் மல்கீனியா ரயில் நிலையத்தில் லோன்கா பிடிபட்டார். அவரைத் தேடிப்போன பெலாவும் பிடிபட்டார். சித்திரவதையிலும் இருவரும் யூதர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. போலந்து அரசியல் கைதிகளாகவே பவியாக் சிறைக்கும், பிறகு ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் போனார்கள். டேமா 1943 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெலா பிழைத்தார். லோன்கா 1943-ல் முகாமில் டைஃபஸ் காய்ச்சல் வந்து இறந்தார், தன் பொய்ப் போலந்துப் பெயரோடு.

என் கதையில் வரும் பெண்ணும் அப்படித்தான் சாகிறாள். பக்கத்துப் படுக்கையில் உண்மைப் பெயர் தெரிந்த ஒரே தோழி இருக்கிறாள். சுற்றிலும் கேட்கும் காதுகள். அவளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்? நேற்று இரவு அந்த வரியில் நின்றுவிட்டேன்.