ஆற்றங்கரையில் நான்கு காட்சிகள்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தேர்வு நெருங்கிவிட்டது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் பாடமாக உள்ளவர்களிடம் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தச் சித்தார்த்தன் வேறு, புத்தர் வேறு. நாவலில் புத்தர் கோதமர் என்ற பெயரில் தனியாக வருகிறார். சித்தார்த்தன் அவரை நேரில் பார்க்கிறான், மனதார மதிக்கிறான், ஆனாலும் அவருடைய சங்கத்தில் சேராமல் தன் வழியே போய்விடுகிறான். சேர்கிறவன் நண்பன் கோவிந்தன். சித்தார்த்தனையும் புத்தரையும் ஒருவராக்கி எழுதிய விடைத்தாளைத் திருத்தும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

இன்னொரு குழப்பம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரியது. ‘சமணர்களோடு’ என்ற அத்தியாயத்தைத் திறந்ததும் திருப்பாதிரிப்புலியூர் ஞாபகம் வரும். அப்பர் தருமசேனர் என்ற பெயரோடு அங்கிருந்த சமணப் பள்ளியில் இருந்த கதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஹெஸ்ஸே சொல்கிறவர்கள் ஜைனர்கள் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டைத் துறந்து, காட்டில் பட்டினி கிடந்து, மூச்சை அடக்கிப் பழகும் துறவிகளைத்தான் அவர் அப்படிக் குறிப்பிடுகிறார்.

சரி, கட்டுரைக்கு வருவோம். இந்த நாவலில் ஆறு பெறும் இடம் என்ன என்ற கேள்விக்குக் கட்டாயம் தயாராக இருங்கள். ஆன்மிக நாவல் என்றதும் பிள்ளைகளின் கை தானாகப் பிரசங்கம் எழுத ஆரம்பித்துவிடுகிறது. வாழ்க்கை ஓர் ஆறு, ஆறு ஒரு குரு என்று ஒரு பக்கம் ஓடிவிடும். கதை அதில் இருக்காது.

கதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சித்தார்த்தன் இளைஞனாக அந்த ஆற்றைக் கடக்கும்போது ஓடக்காரருக்குக் கொடுக்க அவனிடம் காசில்லை. பல வருஷம் கழித்து, வியாபாரமும் சூதாட்டமும் வெறுத்துப்போய், அதே ஆற்றில் விழுந்து செத்துவிடலாம் என்று கரையில் நிற்கிறான். அப்போது ‘ஓம்’ என்ற ஒலி அவனுக்குள் எழுகிறது. அப்புறம் ஓடக்காரர் வாசுதேவரோடு அங்கேயே தங்கித் துடுப்புப் போடுகிறான். கடைசியில், தன்னை விட்டு ஓடிப்போன மகனைத் தேடிக் கிளம்புகிறான். தண்ணீரில் தெரியும் அவன் முகம் அவனுடைய அப்பாவின் முகம்போல இருக்கிறது. முதல் அத்தியாயத்தில், வீட்டைத் துறந்து போக அனுமதி கேட்டு இரவு முழுக்க அந்த அப்பாவின் முன் அசையாமல் நின்றவன் இவன்தான். அன்று அவர் பட்ட வேதனை இவனுக்கு இப்போதுதான் புரிகிறது.

இந்த நான்கு காட்சிகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஆறு அவனுக்கு என்னவாக இருக்கிறது என்று இரண்டு வரி சேருங்கள். அதுதான் கட்டுரை. தத்துவம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

ஆசிரியர் வரலாறு நான்கு வரி போதும். நாவல் ஜெர்மன் மொழியில் 1922இல் வந்தது. ஹெஸ்ஸேயின் தாயார் பிறந்தது தலச்சேரியில். மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட் ஹெஸ்ஸேயின் தாத்தா. நோபல் பரிசு 1946இல் கிடைத்தது. மொத்தம் 12 அத்தியாயங்கள், முதல் பாகத்தில் 4, இரண்டாம் பாகத்தில் 8. இதைப் பௌத்தத்தின் நான்கு வாய்மைகளோடும் எண்வகை மார்க்கத்தோடும் பொருத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. கதையிலிருந்து காட்ட முடிந்தால் மட்டும் இதை எழுதுங்கள்.

திருலோக சீதாராம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு நூலகத்தில் கிடைத்தால் அதையும் படியுங்கள். படித்துவிட்டு, இன்று ராத்திரி சாப்பிடும்போது அந்த ஓடக்காரன் கதையை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். “அப்புறம் அந்தப் பையன் திரும்பி வந்தானா?” என்று அவர் கட்டாயம் கேட்பார். அவன் வரவே இல்லை. ஏன் ஹெஸ்ஸே அவனைத் திரும்ப வரவைக்கவில்லை என்று அம்மாவுக்கு நீங்கள் சொல்லும் பதிலை, அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.